கை சொல்லும் சாட்சி

நான் குடியிருக்கும் பேட்டைக்குக் காளவாசல் என்று பெயர். மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கிற இடம். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளைக்குத்தான் காளவாசல் என்று பெயர். சூளை போய்விட்டது, மேம்பாலமும் பஸ் இரைச்சலும் வந்துவிட்டன. பெயர் மட்டும் சூளையை மறக்கவில்லை.

செங்கல்லைப் பற்றி நாம் யோசித்துப் பார்ப்பதே இல்லை. 19 சென்டிமீட்டர் நீளம், 9 அகலம், 9 உயரம் என்று இந்தியத் தர அளவு ஒன்று இருக்கிறது. அந்த 9 சென்டிமீட்டர் அகலம், கொத்தனாரின் விரல்கள் வளைத்துப் பிடிக்கிற அகலம். இடக்கை கல்லை எடுக்க, வலக்கை கரண்டியால் சாந்து பூசும். கல் சொரசொரப்பாக இருப்பதால்தான் சாந்து கவ்விக் கொள்கிறது. தரம் பார்ப்பதும் கைதான். நன்றாக வெந்த கல்லில் நகத்தால் கீறினால் தடம் விழாது. “கண்ணுக்கு எல்லாக் கல்லும் ஒரே சிவப்புத்தான் சார், தொட்டாத்தான் சங்கதி தெரியும்” என்பார், எங்கள் தெருவில் வேலை செய்த கிழக் கொத்தனார் ஒருவர்.

செங்கல்லுக்கே இப்படி என்றால், உடம்பில் உடுத்தும் சேலைக்குக் கேட்க வேண்டுமா?

சென்ற சித்திரையில் ஊரிலிருந்து வந்த என் அக்காவைச் சுங்குடி வாங்க அழைத்துப் போனேன். கடைக்காரர் இரண்டு சேலைகளை விரித்தார். இரண்டும் அரக்கு நிறம்; இரண்டிலும் வெள்ளைப் புள்ளிகள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் மலிவானதைக் காட்டினேன். அக்கா பதில் சொல்லாமல் உள்ளங்கையால் இரண்டையும் தடவிப் பார்த்தாள்.

“தம்பி, இது முடிச்சுப் போட்டது. அது அச்சு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அம்மா கையை ஏமாத்த முடியாது!” என்றார்.

அவர் சொன்னது முகஸ்துதி அல்ல. மதுரையில் சௌராஷ்டிரர்கள் வளர்த்த கலை சுங்குடி. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெரும்பாலும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போடுகிறார்கள். முடிச்சு இருந்த இடம் அவிழ்த்த பிறகும் சற்றே புடைத்து நிற்கும். அச்சடித்த துணியோ வழவழவென்று சமமாக இருக்கும். கண் தடுமாறினாலும் விரல் தடுமாறாது.

விரலின் சாமர்த்தியம் சாமானியமானது அல்ல. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் 13 கூறு எடுத்தால் எவ்வளவு இருக்கும்? அவ்வளவு நுண்ணிய மேடு பள்ளத்தையும் விரல் உணர்ந்துவிடுகிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் கண்டார்கள். சர்க்காரும் விரலை நம்புகிறது: 2016-இல் வந்த ஐந்நூறு ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் ஐந்து கோடுகளைப் புடைப்பாக அச்சிட்டிருக்கிறார்கள், கண் தெரியாதவர் தடவி அறிவதற்காக.

இவ்வளவு கெட்டிக்கார நீதிபதியை நாம் வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். இன்று சேலை பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அல்லது கைப்பேசியில் படமாக வருகிறது. படத்தில் முடிச்சும் அச்சும் ஒன்றுதான். தொட முடியாதபோது தீர்ப்புச் சொல்ல விலை ஒன்றுதான் மிச்சம். விலையில் அச்சு ஜெயிக்கும். முடிச்சுப் போட்டவளின் கூலி தோற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் பட்டயத்தைப் படித்தா சேலை வாங்குகிறோம்?

கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். முந்தானை ஓரத்தில் நாலு முடிச்சை அவிழ்க்காமல் விட்டு, சேலையை உறையில்லாமல் வையுங்கள். வாங்க வருகிறவள் அதைத் தன் கையாலேயே அவிழ்த்துப் பார்க்கட்டும். ஒரு முடிச்சை அவிழ்த்த விரல், மற்ற ஆயிரத்தின் விலையைப் பேரம் பேசக் கொஞ்சம் கூச்சப்படும்.