ஒரு சிசி வித்தியாசம்

கோவையில் மோட்டார், பம்பு, கார்ப் பந்தயம் மூன்றும் ஊறிப்போனவை. செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருப்பதால், அதற்கு என்ஜின் கட்டும் கைகளும் ஊருக்குள்ளேயே உண்டு. அப்படியொரு பட்டறையில் டர்போ என்ஜின் ஒன்று பிரிந்து கிடந்தது. 1200 சிசி, நான்கு சிலிண்டர்.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார் மூத்த மெக்கானிக். எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தினார். பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்வரை அவர் நிமிரவில்லை. மூன்று அறைகளும் ஒரே அளவு காட்டின. நான்காவதில் மட்டும் 1 சிசி குறைவு. அந்த அறைக்குத்தான் புது வால்வு சீட் போட்டிருந்தார்கள். வால்வுகள் சற்றே மேலேறி நின்றன.

"ஒரு சிசிதானேண்ணா?" என்றேன்.

"கணக்குப் போட்டுப் பாருங்க சார்."

போட்டேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 10 என்றால், கேஸ்கெட் கனம், பிஸ்டன் குழிவு எல்லாம் சேர்த்து மேலே மிஞ்சும் இடம் 33 சிசி சொச்சம். அதில் ஒன்று குறைந்தால் 10.3 ஆகிவிடுகிறது. டர்போ இல்லாத என்ஜின் இதைப் பொறுத்துக்கொள்ளும். 1 பார் பூஸ்ட் கொடுத்தால் உள்ளே வரும் காற்றின் அழுத்தமே வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு. அதை மேலும் நெருக்கும்போது சூடு ஏறி, தீ பரவி வருமுன்னே மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். பிஸ்டனின் ரிங் மேடு உடைவது பெரும்பாலும் இதனால்தான். நாக் சென்சார் ஸ்பார்க்கைச் சில டிகிரி தள்ளிப்போட்டுக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும், சைலன்சர் பக்கம் சூடு கூடும்.

1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு 10.25 கம்ப்ரெஷன் வைத்திருந்தது. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தனித் தொட்டியில் வேண்டும். பலர் அதை நிரப்பவில்லை. அடுத்த ஆண்டோடு அந்த வண்டி நின்றுபோனது. பிறகு வந்த சாப் 99 டர்போ கம்ப்ரெஷனை 7.2-க்கு இறக்கிக்கொண்டது. இன்று நேரடி இன்ஜெக்‌ஷனும் இன்டர்கூலரும் இருப்பதால் 10 சாதாரணம். ஆனாலும் உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் விழ வேண்டும். முந்தினால் அந்த அடி முழுவதையும் கனெக்டிங் ராடும் பேரிங்கும் வாங்கிக்கொள்ளும்.

"பூஸ்ட்ட ஏத்தறது லேப்டாப்புல ஒரு நிமிச வேலைங்க. நாலு சிலிண்டரும் ஒண்ணுபோல இருக்கோணும், அதுதான் வேலை," என்றவர், சின்ன கிரைண்டரை எடுத்து நான்காம் அறையின் ஓரத்தை இழைத்தார். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி அளவு. பக்கத்தில் நின்ற பையனிடம், "தம்பி, எழுதிக்கோ," என்றார். ஒவ்வொரு அறைக்கும் தனி வரி.

என்ஜினின் தெம்பைத் தீர்மானிப்பது அதன் பலவீனமான சிலிண்டர்தான். உங்கள் டர்போ காரை ரீமேப் செய்யக் கொடுக்குமுன், நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன், லீக் டவுன் சோதனை செய்து அளவுகளை எழுதி வாங்குங்கள். தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.