இரண்டாம் காய்ச்சல்

தமிழ் கற்பிப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. ஆயினும், என் அறியாமையால் எங்கள் குடும்பத்துக்கு நேரவிருந்த பேரிழப்பொன்றை மறைத்து வைப்பதைவிட, மாணவச் செல்வங்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் பயன்படுமாறு எழுதி வைப்பதே முறை எனக் கருதுகிறேன்.

2012-ஆம் ஆண்டு, அன்றைய நெல்லை மாவட்டத்துக் கடையநல்லூர்ப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, அங்கு வாழ்ந்த என் தமக்கையின் மகனுக்கும் அது கண்டது. ஐந்து வயதுப் பிள்ளை. ஒரு வாரம் வாடிக் கிடந்து, இறையருளால் எழுந்து விளையாடத் தொடங்கினான். 2017-இல் தமிழகத்தில் டெங்கு மீண்டும் தலைதூக்கியது. ஒருநாள் தமக்கை தொலைபேசியில், “தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. மறுபடியும் அதுவாக இருக்குமோ?” என்று கலங்கினார். நானோ, “அம்மை போலத்தான் அக்கா, ஒருமுறை வந்தது மறுமுறை வராது” என்று பெரும்புலவன் போல் விடையிறுத்தேன். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. “அல்ஹம்துலில்லாஹ், இனி அச்சமில்லை” என்றேன்.

அன்றிரவே பிள்ளை வயிற்றுவலியால் துடித்தான். வாந்தி நிற்கவில்லை, கைகால்கள் சில்லிட்டன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் முதலில் கேட்ட வினா, “இவனுக்கு முன்பு டெங்கு வந்ததுண்டா?” என்பதே. ஆம் என்றோம். “அப்படியானால் கூடுதல் கவனம் வேண்டும்” என்றார். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நரம்பில் ஊசி செருகி, அளந்தளந்து சலைன் ஏற்றினார்கள். இரண்டு இரவுகள் கண்ணீரோடு கழிந்தன. மூன்றாம் நாள் அவன் கண் விழித்து, “மாமா, பசிக்கிறது” என்றான். அச்சொல்லினும் இனிய சொல்லை நான் எந்த இலக்கியத்திலும் கண்டதில்லை.

அதன் பிறகே தேடிப் படிக்கலானேன். டெங்கு என்னும் பெயரில் நான்கு வகை வைரசுகள் உலவுகின்றன. ஒருவகை தாக்கினால் அவ்வகைக்கு எதிரான காப்பு நெடுநாள் நிலைக்கும். பிற மூன்றுக்கும் எதிராகக் கிட்டும் காப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடும். பின்னர் வேறொரு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்பொருள்கள் அதனைப் பற்றிக்கொள்ளுமே ஒழிய, செயலிழக்கச் செய்ய மாட்டா. மாறாக, அது இரத்த வெள்ளணுக்களுக்குள் எளிதிற் புகுந்து பெருக அவையே வழிகாட்டிவிடும். வாயிற்காவலனே பகைவனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வருவது போன்றது இது. இரண்டாம் முறை கண்டோர் அனைவருக்கும் இந்நிலை நேர்வதில்லை, பெரும்பாலோர் நலமடைகின்றனர். எனினும் அபாயம் மிகுதி.

1960-களில் பாங்காக் நகரில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட், கடும் டெங்கு இரண்டாம் முறை தொற்றிய சிறார்களிடமே மிகுந்திருப்பதைக் கண்டார். தாயிடமிருந்து எதிர்ப்பொருள் பெற்ற கைக்குழந்தைகளுக்கோ முதல் தொற்றிலேயே அது நேர்ந்தது. கியூபா நாடு இதற்குப் பெருஞ்சான்று. அங்கு 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981-இல் இரண்டாம் வகை நுழைந்தபோது 3,44,203 பேர் நோயுற்றனர். 158 பேர் மாண்டனர். 1997-இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் தோன்றியபோது, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் முதல் வகை கண்டிருந்த பெரியவர்களையே அது கடுமையாக வாட்டியது.

டெங்குவின் உறவினனாகிய ஜிகா வைரசின் கதை இன்னும் வியப்பானது. நிகரகுவா நாட்டு மனாகுவா நகரில் சிறுவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தோர், முன்பு டெங்கு கண்டவர்களுக்கு ஜிகா நோய்க்குறிகள் குறைவாகவே தோன்றின என்றனர். ஆனால் முன்பு ஜிகா கண்டவர்களுக்குப் பின்னர் இரண்டாம் வகை டெங்கு கடுமையாகும் வாய்ப்பு மிகுந்தது என்று 2020-இல் வெளியிட்டனர். வரிசை மாறினால் விளைவும் மாறுகிறது! அதே நகர ஆய்வு 2017-இல் கூறிய மற்றொன்று என் நெஞ்சைத் தைத்தது: எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் காப்பு, அறவே இல்லாவிடில் அபாயம் குறைவு, இடைப்பட்ட அளவில் இருப்பதே பேரபாயம்.

என் அறிவும் அன்று அந்த இடைப்பட்ட அளவில்தான் இருந்தது. ஒன்றும் அறியாதவனாயிருந்தால் மருத்துவரிடம் செல்லச் சொல்லியிருப்பேன்; முற்றும் அறிந்தவனாயினும் அதையே சொல்லியிருப்பேன். அரைகுறையாய் அறிந்ததால் தடுத்து நிறுத்தினேன்.

மாணவச் செல்வங்களே! காய்ச்சல் விட்ட நாளே கவனிக்க வேண்டிய நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் சில்லிடல், சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் முதலிய வலிமருந்துகளை நீங்களாகத் தராதீர்கள். முன்பு டெங்கு கண்டதுண்டாயின் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். தூய்மையை இறைநம்பிக்கையோடு பிணைத்த மார்க்கம் நம்முடையது. வீட்டுத் தொட்டிகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வைப்பதும் அத்தூய்மையில் அடங்கும்.

இன்று என் மருமகன் என்னினும் உயரமாய் வளர்ந்து நிற்கிறான். அவனைக் காணுந்தோறும் நன்றியும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. எல்லாப் புகழும் இறைவனுக்கே.