கட்டைக்குள் இருக்கும் பகை

அந்தமானின் பாராடாங் தீவில் ஜனவரி மாதம் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்க வந்த கூட்டம் நிலம்பூர் படகுத்துறை வழியாகத் திரும்பிவிட்டது. வீடுகளில் கோழி அடைக்கும் நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பத்தா ஒரு கை அரிசிக் குறுணையைத் தூவி, "பா, பா, பா" என்று கூப்பிடுகிறார். கோழிகள் கூட்டு வாசல்வரை ஓடி வந்து கொத்துகின்றன. உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கின்றன. அடையில் இருக்க வேண்டிய கருப்புப் பெட்டை சட்டென்று பலாமரத்தின் தாழ்ந்த கிளைக்குப் பறந்துவிடுகிறது.

அப்பத்தா அதை விரட்டவில்லை. கூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மரப்பட்டறையில் கழித்துப் போட்ட படாக் மரத் துண்டுகளால் அடித்த கூடு அது. உடும்புக்கும் பாம்புக்கும் பயந்து நாலு கால் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். மே மாதம் தொடங்கி ஆண்டு முடியும்வரை இரண்டு பருவமழையும் இந்தத் தீவில் கொட்டும்; ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஈரம் ஏறியும் காய்ந்தும் பலகைகள் விலகி, இடுக்குகள் விட்டிருக்கின்றன. உள்ளே நாட்டுக்கோழிகளோடு குட்டைக் கால் நிக்கோபாரிக் கோழி ஒன்றும் உண்டு. நன்றாக முட்டையிடும், ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. அதன் முட்டைகளைத்தான் கருப்புப் பெட்டைக்கு அடை வைத்திருந்தார் அப்பத்தா. அவை இப்போது சூடில்லாமல் கிடக்கின்றன.

"முட்டை எடுத்த கையைக் காட்டு தாயி" என்கிறார் பேத்தியிடம். சிறுமி முழங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள். சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். "சரி. நல்லா இருட்டட்டும். டார்ச்சை எடுத்துட்டு வா."

இரவு எட்டு மணிவாக்கில் வெளிச்சம் கூட்டுக்குள் நுழைகிறது. அப்பத்தா கோழிகளைத் தொடவில்லை. அவை உட்காரும் கழியின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து இழுக்கிறார். துணியை டார்ச்சடியில் விரித்தால் ரத்தக் கோடுகள். "செள்ளு" என்கிறார். அவ்வளவுதான்.

கோழிச் செள்ளு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியோடு இருக்கையில் சாம்பல் நிறம். குடித்த பிறகு சிவப்பு. பேன் கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். இந்தச் சிவப்புச் செள்ளு அப்படியல்ல. பகலெல்லாம் கழி முனையிலும் பலகை இடுக்கிலும் கூட்டமாக ஒளிந்திருக்கும். இரவில் ஏறி வந்து குடித்துவிட்டு மறுபடியும் இடுக்குக்கே போய்விடும். முட்டையிடுவதும் அங்கேதான். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் முட்டை வளர்ந்து முழுச் செள்ளாக ஒரு வாரம் போதும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும், முட்டை குறையும், குஞ்சுகள் ரத்தம் வற்றிச் சாகும்.

திண்ணையிலிருந்து மகன் இறங்கி வருகிறார். கையில் நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. "இதுல ரெண்டு மூடி ஊத்தி அடிச்சா காலையில சுத்தமாயிரும்மா."

"அந்த முட்டையைத் தின்னப்போறது யாரு? உன் மக" என்கிறார் அப்பத்தா. புட்டி திரும்பப் போகிறது.

படித்தவர்கள் நடத்தும் பண்ணைகளிலும் அந்தப் புட்டி திரும்பிப் போகாத சம்பவம் உண்டு. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் கோழிப்பண்ணைகளில் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். நஞ்சு முட்டைக்குள் போனது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழித்தார்கள். நம் ஊரில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் விற்கும் மருந்துகளில் ஃபிப்ரோனிலும் ஒன்று. பயிருக்கென்று எழுதிய எந்தப் புட்டியும் கோழிக்கூட்டுக்கு ஆகாது. மருந்துதான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, முட்டையை எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

மறுநாள் காலை. ஜிர்க்காடாங்கிலிருந்து முதல் வாகனக் கான்வாய் ஜாரவா காப்புக்காட்டைக் கடந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகேறும் நேரம். அப்பத்தா கூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். உட்காரும் கழிகளை உருவி வெயிலில் எறிகிறார். அடைப்பெட்டி வைக்கோலை அப்படியே அள்ளி, கொல்லை மூலையில் தீ வைக்கிறார். "உதறிட்டு மறுபடியும் போடலாமே அப்பத்தா?" என்கிறாள் சிறுமி. "உதறினா தரையில விழும். தரையிலருந்து ஏறி வரும்."

அடுப்பில் தண்ணீர் தளதளக்கிறது. கெட்டில் மூக்கால் ஒவ்வோர் இடுக்கிலும் நிதானமாக ஊற்றுகிறார். கழி செருகும் துளையில் ஊற்றியபோது சாம்பல் பொடி போல ஒன்று வழிந்து வருகிறது. சிறுமி குனிந்து பார்த்து, பின்வாங்குகிறாள். அந்தத் துளைக்குக் கெட்டில் மூன்று முறை போகிறது. பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், வெயில். மதியத்துக்கு மேல், காய்ந்த பலகைகளில் கெட்டியாகக் கரைத்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடிக்கிறார். வெள்ளையாகத் தெரிவதற்காக மட்டும் அல்ல; இடுக்கு அடைபட்டால் ஒளிய இடம் இல்லை. சுவரில் முட்டாதபடி கழிகளைத் தனித் தாங்கியில் நிறுத்தி, தாங்கியின் கால்களை வண்டியில் வடித்த பழைய எண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் வைக்கிறார். இனி ஏறுவதற்கு வழி அந்த எண்ணெயைத் தாண்டித்தான்.

அதற்குப் பிறகே கோழிகளின் முறை. ஒவ்வொன்றையும் மடியில் கவிழ்த்து, இறக்கைக்கு அடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறகை ஊதி ஊதிப் பார்க்கிறார். பகல் வெளிச்சத்திலும் அங்கே ஊர்ந்தால் அது வேறு இனம். வெப்ப நாடுகளின் கோழிச் செள்ளு உடம்பிலும் அடைப்பெட்டியிலும் தங்கும். அதற்குக் கோழியையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றும் ஊரவில்லை. சேவலின் காலில் மட்டும் செதில்கள் தூக்கிக்கொண்டு, மாவு பூத்த மாதிரி இருக்கிறது. செதிலுக்கு அடியில் துளை போட்டு வாழும் இன்னொரு செள்ளின் வேலை அது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மெல்லத் துடைத்து, தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துச் செதிலுக்குள் இறங்கும்படி தடவுகிறார். சிறுமி ஒரு செதிலை நகத்தால் பெயர்க்கப் போக, கையைத் தட்டிவிடுகிறார். "தானா விழணும். பிச்சா ரத்தம் வரும்."

கடைசி வேலை எனக்குப் புதிது. தாழ்வாரத்தின் அடியில், சாரல் படாத இடத்தில், ஒரு பழைய மீன் பெட்டியில் உலர்ந்த மண்ணையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து நிரப்புகிறார். மண்ணில் புரண்டு குளிப்பது கோழி தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். பாதி வருஷத்துக்கு மேல் நனைந்தே கிடக்கும் ஊரில் அதற்குப் பொடிமண் எங்கே கிடைக்கும்? மழைக்காலத்தில் செள்ளு பெருகுவதற்கு ஈரம் ஒரு காரணம் என்றால், கோழியின் குளியலை மழை பறித்துக்கொள்வது இன்னொரு காரணம். இதை அப்பத்தா யாருக்கும் விளக்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டுத் தள்ளி உட்காருகிறார். நிக்கோபாரிக் கோழி முதலில் இறங்கிச் சாம்பலை முதுகில் வாரி இறைத்துக்கொள்கிறது.

அன்று மாலை கோழிகள் கூட்டுக்குள் போயின. கருப்புப் பெட்டையும் போனது. நானாக இருந்தால் வேலை முடிந்தது என்று சொல்லியிருப்பேன். அப்பத்தா காலண்டரில் ஏழாம் நாளைக் கரியால் வட்டமிட்டார்.

ஏழாம் நாள் மறுபடியும் கெட்டில், பிரஷ், சுண்ணாம்பு. கண்ணுக்கு ஒரு செள்ளும் இல்லை. இருந்தும் எல்லாமே முதலிலிருந்து. சுடுதண்ணீர் எட்டாத இடுக்கில் தப்பிய முட்டைகள் இதற்குள் பொரித்திருக்கும். அவை வளர்ந்து தங்கள் முட்டையை இடுவதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும். கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிக் கூட்டைச் சும்மா போட்டு வைத்தாலும் பயனில்லை. ரத்தம் இல்லாமல் பல மாதம் காத்திருக்கும் உயிர் இது.

அடுத்த வீட்டு ராஞ்சிக்காரப் பெண் வேலியருகே வந்து நிற்கிறார். வனத்துறை வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து இந்தத் தீவுகளுக்கு வந்தவர்களின் வழி வந்தவர். தன் கோழிகளும் மரத்திலேயே தூங்குகின்றன என்று இந்தியில் சொல்கிறார். அப்பத்தா ஒரு சட்டிச் சாம்பலையும் மீதிச் சுண்ணாம்பையும் வேலிக்கு மேலாக நீட்டுகிறார். ராத்திரி பார், கழிக்கு அடியில் பார், ஏழு நாள் கழித்து மறுபடியும் செய் என்று அவரும் இந்தியிலேயே சொல்கிறார்.

செள்ளை வெல்ல அருமருந்து ஏதும் தேவைப்படவில்லை. அது இருக்கும் இடத்தைத் தேடிப் போகிற கண்ணும், ஒழிந்துவிட்டது என்று தோன்றும்போதே இன்னொரு முறை செய்கிற பொறுமையும் போதுமாக இருந்தன. கோழித் தீவனம் கப்பலில் வரும் தீவில், கொல்லையில் மேயும் ஏழெட்டுக் கோழிகள் பிள்ளைகளின் தட்டில் முட்டையாகின்றன, அவசரத்துக்குக் கைக்காசாகின்றன. அவற்றைக் காப்பது பெரிய வேலை. அதைப் பெரிய வேலையாகவே செய்கிறார் அப்பத்தா. காலண்டரில் அடுத்த ஏழாம் நாளுக்கும் வட்டம் போட்டாயிற்று.