கூட்டு ரெண்டு வகை

ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ரெனோ-நிசான் தொழிற்சாலை தெரிந்திருக்கும். 2010 மார்ச்சில் திறந்தது. ஒன்று பிரெஞ்சு கம்பெனி, இன்னொன்று ஜப்பான் கம்பெனி. 1999-லேயே கூட்டு சேர்ந்தவை. ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு பெயரிலும் கார். சரி, கார் சேர்ந்தது... சாப்பாடு சேர்ந்ததா?

இங்கே வேலைக்கு வந்த ஜப்பானியர்களுக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஓட்டல்களில் ஜப்பான் சாப்பாடு வந்துவிட்டது. பிரெஞ்சு சாப்பாடு என்றால் நம்மூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது புதுச்சேரிதான். ரெண்டும் ஒரே தட்டில் வருகிற கதையைக் கேட்க ஒசாகாவுக்குப் போக வேண்டும்.

ஷிசுவோ சுஜி என்று ஒருவர். பத்திரிகை நிருபராக இருந்தவர். 1960-ல் ஒசாகாவில் சமையல் பள்ளி ஆரம்பித்தார். பிரான்சுக்குப் போய் பெரிய பெரிய சமையல்காரர்களிடம் பாடம் கேட்டார். பிறகு பால் போக்கூஸ் போன்றவர்களை ஜப்பானுக்கே வரவழைத்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர்களும் சும்மா திரும்பவில்லை. கைசெகி என்கிற ஜப்பான் விருந்தைப் பார்த்தார்கள். அந்தந்தப் பருவத்தில் கிடைப்பது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தட்டும் கோலம் போட்ட மாதிரி. 1970-களில் கனமான சாஸைக் குறைத்துக்கொண்டு பிரான்சில் வந்த புதிய சமையல் அலையில் இதன் சாயலும் உண்டு.

ருசியும் கலந்தது. தாஷி என்று ஒரு சாறு. ஜப்பான்காரர்களின் ரசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடற்பாசியையும், புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய சூரை மீனையும் போட்டு இறக்குவது. மாசிக் கருவாடு தெரிந்த தூத்துக்குடிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். வெண்ணெயும் கிரீமும் ஆண்ட பிரெஞ்சு அடுக்களையில் இன்று தாஷிக்கும் மிசோவுக்கும் இடம் இருக்கிறது.

ஜோயல் ரொபுஷோன் 2003-ல் டோக்கியோவிலும் பாரிசிலும் திறந்த உணவகத்தில் மேஜைக்குப் பதில் நீளமான கவுன்டர். சமையல்காரர் கண் முன்னாலேயே சமைப்பார். சுஷி கடையில் பார்த்துப் பிடித்துப்போன விஷயம். அடுத்து 2020. பாரிசில் கடை வைத்திருக்கும் கெய் கொபயாஷிக்கு மிஷலின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. பிரான்சில் அதை வாங்கிய முதல் ஜப்பானியர் அவர். மாணவன் வாத்தியார் வீட்டிலேயே முதல் மார்க் வாங்கின கதை!

இதில் காமர்ஸ் எங்கே என்கிறீர்களா? இருக்கிறது. ஒரகடத்துக் கூட்டில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கை 2025-ல் ரெனோ வாங்கிக்கொண்டது. பங்கு என்றால் அப்படித்தான், இன்று வாங்கலாம், நாளை விற்கலாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். ஆனால் அடுக்களைக் கூட்டு அப்படி இல்லை. பூசணிக்காய் கூட்டில் வெந்த பருப்பைத் தனியாக எடுத்துவிட முடியுமா? சுஜி கற்றதையோ போக்கூஸ் பார்த்ததையோ யாரும் திருப்பி வாங்க முடியாது.

இந்த ரோட்டில் ஐடிஐ முடித்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறும் பையன்களுக்கும் இதே கேள்விதான். கைசன், ஃபைவ் எஸ் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாளைக்கு எந்தக் கம்பெனி யாரிடம் கைமாறினாலும் அந்த வித்தை அவர்கள் கையோடு வரும். ஆனால் சுஜி மாதிரி அதை வைத்துச் சொந்தமாக ஒரு பள்ளியோ பட்டறையோ ஆரம்பிக்கப் போவது யார்?

தெரிந்தால் சொல்லுங்கள்.