புள்ளி எங்கே போயிற்று?

நம் சங்கத்து அலமாரியில் உள்ள நூல்களுக்கு வலைத்தளத்தில் ஒரு பட்டியல் வேண்டுமென்று செயற்குழு முடிவு செய்தபோது, முந்திக்கொண்டு கையைத் தூக்கியவன் நான்தான். பௌதிகம் படிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். ஆய்வுக்கூடத்துக் கணக்குகளுக்காகப் பைதான் பழகியிருந்தேன். ஜாங்கோவைக் கொண்டு தளம் கட்ட இரண்டு மாலைப்பொழுது போதும் என்று எண்ணினேன். இரண்டு வாரம் ஆயிற்று.

ஒவ்வொரு நூலுக்கும் அதன் பெயரே முகவரியாக அமைய வேண்டும் என்பது என் ஆசை. எண்ணைக் கொடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தமிழ் நூலுக்குத் தமிழில் முகவரி இருந்தாலென்ன என்று ஒரு வீம்பு!

முதல் நாள் எதைத் தட்டினாலும் 404, அதாவது 'அப்படியொரு பக்கம் இல்லை'. பிழைதிருத்தும் நிலையில் ஜாங்கோ அத்தோடு விட்டுவிடுவதில்லை. எந்தெந்தப் பாதைகளை எந்த வரிசையில் ஒப்பிட்டுப் பார்த்தது என்று பட்டியலே காட்டிவிடும். நான் அதைப் படிக்காமல் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். பாதையில் 'ஸ்லக்' என்று குறித்திருந்தேன். அது ஆங்கில எழுத்து, இலக்கம், கோடு, அடிக்கீறு இவற்றை மட்டுமே ஏற்கும். 'எஸ்.டி.ஆர்.' என்று மாற்றினேன், கதவு திறந்தது. திறந்த கதவு 'புதுவரவு' பக்கத்தையும் விழுங்கிவிட்டது. மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்வதே அதன் வழக்கம். கீழே உரியவன் காத்திருந்தாலும் திரும்பிப் பாராது. புதுவரவை மேலே ஏற்றினேன்.

எல்லாம் முடிந்ததென்று நூலகப் பொறுப்பிலிருக்கும் அக்காவிடம் காட்டினேன். முகவரியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, 'கறநதக'?"

குறுந்தொகை! திருக்குறள் 'தரககறள' ஆகியிருந்தது. சோதனைக்காக 'மலை', 'மாலை' என்று இட்டுப் பார்த்தேன், இரண்டும் 'மல'. இப்படியே விட்டால் ஒரு நூலைக் கேட்டவருக்கு வேறொன்று வந்து நிற்கும். பெயரை முகவரியாக மாற்றித்தரும் செயலிதான் இதைச் செய்தது. யூனிகோடை ஏற்கும்படி நானே அதற்குச் சொல்லியிருந்தேன். ஆனால் எழுத்து, இலக்கம், அடிக்கீறு, இடைவெளி, கோடு நீங்கலாக மற்றவற்றை அது களைந்துவிடும். யூனிகோட்டின் கணக்கில் 'க' எழுத்து. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தல்ல, குறிகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தந்தையார் வேலைக்காக நாகபுரிக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. பள்ளியில் தமிழ் இல்லை. திருநெல்வேலியிலிருந்த பாட்டிக்குக் கடிதம் எழுதித்தான் தமிழ் கற்றேன். நான் எழுதிய கடிதமே திரும்பி வரும், விடுபட்ட புள்ளிகளெல்லாம் சிவப்பு மையில் இடப்பட்டு. "அம்மா என்று எழுதச் சொன்னால் அமமா என்கிறாயே" என்று ஓரத்தில் ஒரு வரி. பாட்டி காலமாகி மூன்றாண்டு ஆகிறது. அன்றிரவு திரையில் 'கறநதக'வைப் பார்த்தபோது, அந்தக் கடிதங்களைத் திரும்ப நானே எழுதியது போலிருந்தது.

அந்தச் செயலியைக் கைவிட்டேன். இடைவெளியைக் கோடாக மாற்றுவதோடு நிற்கும் சிறு செயலியொன்றை எழுதினேன். பாதையிலும், தமிழுக்கென யூனிகோட்டில் ஒதுக்கிய 128 இடங்களையும் இலக்கங்களையும் கோட்டையும் ஏற்கும் ஒரு மாற்றியை நானே எழுதிப் பதிவு செய்தேன். ஒரே பெயரில் இரு நூல்கள் வரக்கூடுமாதலால் முன்னால் எண்ணையும் சேர்த்தேன். வீம்பு பாதி தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அக்கா குறுந்தொகையின் முகவரியை நண்பர்களுக்கு அனுப்பப் படியெடுத்தார். ஒட்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறிகளாக நீண்டது. "தமிழ் மறுபடியும் போய்விட்டதா?" என்றார். போகவில்லை, பயணத்தின்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, பைட்டுக்கு மூன்று எழுத்தாக விரிகிறது. குறுந்தொகை என்ற சொல்லுக்கு மட்டும் 90. தட்டிப் பார்த்தோம். அந்த ஒற்றைப் புள்ளியோடு வந்து நின்றது.