"ஏம்மா போனே?" என்று கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம், திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "டீச்சர்..." என்று ஒரு குரல். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த பெண். ஒன்பது வருடம் ஒரு ஆன்மிகக் குழுவோடு இருந்துவிட்டு வந்திருக்கிறாள். எந்தக் குழு, எந்த மதம் என்று எழுதமாட்டேன். வீட்டோடு பேசக் கூடாது, சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட வேண்டும், குருவைச் சந்தேகிப்பது பாவம். அங்கே இதுதான் சட்டம்.

நான் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு படிச்ச பொண்ணு, ஏம்மா போனே?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வர்றேன் டீச்சர்" என்று போய்விட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஒரு வாரம் கழித்து நம்பர் வாங்கிப் பேசி, மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்தாள். கூடவே ஐந்து வருடத்துக்கு முன் அதே குழுவிலிருந்து வெளியேறிய ஒரு அக்காவும் வந்தார். பேச்சுக்கு நடுவில் என் மாணவி, "வெளிய வந்தா குடும்பம் விளங்காதுன்னாங்க. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாக்கூடப் பயமா இருக்கு" என்றாள். அந்த அக்கா சொன்னார்: "எனக்கும் அதத்தான் சொன்னாங்க. அஞ்சு வருஷமாச்சு. எம்புள்ள எட்டாவது படிக்கிறான், பாரு."

நான் ஆயிரம் புத்தி சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. அந்தப் பயத்தைத் தானும் பட்டவர் சொன்னதல்லவா!

பிரேமானந்தா வழக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விராலிமலைப் பக்கம் இருந்த அவருடைய ஆசிரமத்தைப் பற்றி 1994-இல் வெளியே தெரிந்ததே, உள்ளேயிருந்த பெண்கள் தப்பி வந்து பேசியதால்தான். அவர்களில் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற பெண்களும் உண்டு. அடைக்கலம் கொடுத்தவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டிய நிலை. ஒருத்தி பேச, அடுத்தவளுக்கும் துணிச்சல் வந்தது. 1997-இல் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எல்லாக் குழுவிலும் இத்தனை கொடுமை நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வெளியே வருகிறவளுக்கு முதலில் வேண்டியது, முன்னால் வந்த இன்னொருத்திதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் கூடுகிறார்கள். ஒருத்தி இன்னமும் திருப்பரங்குன்றம் போய்ச் சாமி கும்பிடுகிறாள். இன்னொருத்திக்குச் சாமியே வேண்டாம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. பேங்க் கணக்கு தொடங்குவது, தொலைந்த மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்குவது, இதுதான் பெரும்பாலும் பேச்சு. நான் காபி போட்டுக் கொடுப்பதோடு சரி.

உங்களிடம் ஒரு உதவி. என் மாணவிக்குக் கணக்கு எழுதும் வேலை வேண்டும். டேலி படித்துக்கொண்டிருக்கிறாள். மதுரையில் கடை, கம்பெனி வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது திரும்பி வந்தால், முதலில் சாப்பாடு போடுங்கள். மற்றதை அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர், திருநகர்