பாரம் தாங்கும் சதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கண்ணைப் பாடாத கவிஞர் இல்லை. கெண்டைக்காலைப் பாடியவர் எத்தனை பேர்? ஒவ்வோர் அடியிலும் நம்மைத் தாங்கி முன்னே உந்துவது அதுவன்றோ!

கெண்டைக்காலில் மேலாகக் காஸ்ட்ராக்னீமியஸ், அதன் அடியில் சோலியஸ் என இரு பெருந்தசைகள் உள்ளன. இரண்டும் ஒரே நாணாகத் திரண்டு குதிகால் எலும்பில் பொருந்துகின்றன. பாதம் ஊன்றியிருக்கையில் சதை இறுகப் பிடித்து நிற்க, நாண் நீள்கிறது. குதிகால் எழும் கணத்தில், இழுத்துவிட்ட ரப்பரைப் போல் அது சுருங்கி நம்மை உந்துகிறது.

மூட்டை சுமந்தே எங்களை ஆளாக்கிய என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது, வலக்கால் வலுவிழந்தது. மருத்துவமனையில் இடுப்பில் வார் பூட்டி, எடையில் ஒரு பகுதியை மேலிருந்து கயிறு தாங்க, ஓடும் பட்டையின்மேல் நடக்க வைத்தனர்.

"இப்படியே பிடிச்சுக்கம்மா, காலு லேசா இருக்கு" என்றார் அப்பா.

"லேசா இருந்தா சதை வேலை செய்யாதுங்க ஐயா. கொஞ்சம் கொஞ்சமா பாரத்தை உங்ககிட்டயே கொடுத்துடுவேன்" என்று சிரித்தார் இயன்முறை மருத்துவர்.

அச்சொல்லில் அறிவியல் இருந்தது. கயிறு எடையைத் தாங்கத் தாங்கக் கெண்டைச் சதையின் உழைப்பு குறைகிறது. 1997இல் வெளியான ஓர் ஆய்வு மேலும் வியப்பானது. தண்டுவடம் முற்றிலும் சேதமுற்றோரை இவ்வாறே தாங்கி நடத்தியபோதும், காலில் விழுந்த பாரத்துக்கேற்ப சோலியஸின் மின்துடிப்பு கூடிக் குறைந்தது. மூளையின் கட்டளை எட்டாத இடத்திலும் பாரத்தின் செய்தி எட்டுகிறது!

ஆனால் நாள்தோறும் நகரம் போய்வரப் பேருந்துக் கட்டணமும், அம்மாவின் ஒருநாள் கூலியும் வேண்டுமே? அந்தக் கருவி இல்லையேல் நடை இல்லையோ என்று அஞ்சினோம். 2011இல் அமெரிக்காவில் 408 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு எனக்குத் தெம்பளித்தது. கயிற்றில் நடந்தோரும், வீட்டிலேயே இயன்முறை மருத்துவர் வந்து வலிமைக்கும் சமநிலைக்கும் பயிற்சி அளித்தோரும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். பாதிக்குச் சற்று மேற்பட்டோரின் நடை மேம்பட்டிருந்தது.

இப்போது மாதம் இருமுறை மருத்துவமனை. மற்ற நாள்களில் அவர்கள் எழுதித் தந்த பயிற்சி. திண்ணைத் தூணைப் பற்றி அப்பா குதிகாலை உயர்த்துகிறார்; நான் அக்குளில் கைகொடுத்து நிற்கிறேன். கயிற்றின் வேலை இப்போது என் கைக்கு. தாங்குவதற்கு வலிமை போதும். விழுந்துவிடுவாரோ என்று நெஞ்சு பதைக்கையிலும் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதற்குத்தான் துணிவு வேண்டியிருக்கிறது.